புதுப்பிப்பு: காற்றடித்தால் தாவிய எஸ்.டபிள்யூ.ஆர். சரியாகிவிட்டது

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உள்ள 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் என்ற அமெச்சூர் வானொலி ஆன்டெனாவில், காற்றடிக்கும்போதெல்லாம் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பக்கமிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1-ஐ ஒட்டியிருந்தால் நல்லது) 3-ஐத் தாண்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலனளித்தது ஈரோட்டு நண்பர் சொன்ன வழிதான். ஆன்டெனா கேபிளின் முனையில் மாட்டும் புதிய பி.எல்.259 கனெக்டரின் துளைகளைச் சுற்றியுள்ள நிக்கல் பூச்சை அரத்தால் பித்தளை தெரியும்வரை தேய்த்து, துளைகளின் வழியே கேபிளின் செம்பு வலையைப் பற்றவைத்தேன். சிறிய சால்டரிங் அயர்ன் கனெக்டரின் உடலைச் சூடாக்குவதற்குள் கேபிளுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் காப்பு இளகி நடுக்கம்பி விலகிவிடுகிறது. அகன்ற முனையுள்ள 100 வாட் அயர்னில் ஈயம் சில நொடிகளில் தண்ணீர்போல் ஓடிப் பரவிவிட்டது. வெளி வளையத்தை முதலிலேயே கேபிளில் கோர்த்துவிட வேண்டும் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

எதிர்பாராதது வேறொன்று. பழைய கனெக்டரை வெட்டியபோது, ஆர்.ஜி.213 கேபிளின் உறைக்குள் வலை கறுத்துப்போயிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்றோடு வரும் சாரல் அதில் ஊறியிருக்க வேண்டும். கறுத்த வலையில் ஈயம் ஒட்டாது என்பதால், பளபளக்கும் செம்பு தெரியும்வரை ஒரு முழத்துக்கும் மேல் வெட்டி எறிந்தேன்.

கேபிளின் மறுமுனையைக் கழற்றிவிட்டு, கனெக்டரின் நடுமுனைக்கும் உடலுக்கும் இடையே தொடர்பில்லை என்பதை மல்டிமீட்டரில் உறுதிசெய்த பிறகே ஆன்டெனாவில் இணைத்தேன். கழற்றாவிட்டால், பாலன் (கேபிளையும் ஆன்டெனாவையும் பொருத்தும் சிறு கருவி) சில வகைகளில் நேர்மின்னோட்டத்துக்குக் குறுக்கிணைப்பாகவே தெரியும். இணைப்பின்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பையும், வெயிலுக்காக அதன்மேல் பி.வி.சி. டேப்பையும் சுற்றியுள்ளேன். இப்போது கேபிளைப் பிடித்து ஆட்டினாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-இலேயே நிற்கிறது. பாலனை மாற்றத் தேவைப்படவில்லை.