மறு: காப்பிலெஃப்ட், பெர்மிசிவ் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். மென்பொருள் உரிமங்களில் இரண்டு வகைக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்: மாற்றி வெளியே கொடுப்பவரும் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பது காப்பிலெஃப்ட், அப்படிக் கட்டாயப்படுத்தாதது பெர்மிசிவ்.

> காப்பிலெஃப்டுக்கு 'காப்பிலா உரிமை' என்று வைத்துவிடலாமே, ஓசையும் ஒத்து வருகிறது.

ஓசை ஒத்து வருகிறது, பொருள்தான் தலைகீழாகிவிடுகிறது. காப்பு இல்லாவிட்டால், காப்பிலெஃப்ட் உரிமங்களில் பெயர்பெற்ற ஜிபிஎல்லுக்குப் பல்லே கிடையாது. எழுதியவருக்குப் பதிப்புரிமை இருப்பதால்தான் 'இதை மாற்றி வெளியே கொடுத்தால் மூலநிரலையும் (ஆட்கள் எழுதித் திருத்தும் நிரல் வடிவம்) இதே உரிமத்தில் கொடு' என்று அவரால் நிபந்தனை போட முடிகிறது. போதாக்குறைக்கு, காப்புரிமை என்ற சொல்லை நம்மில் சிலர் பேட்டன்டுக்கும் சிலர் காப்பிரைட்டுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் இன்னொரு 'காப்பு' வேண்டவே வேண்டாம்.

சிலேடையையும் விட்டுவிடலாம். 1980களின் நடுவில் டான் ஹாப்கின்ஸ் என்ற புரோகிராமர், ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அனுப்பிய கடித உறையில் விளையாட்டாக எழுதிய வரியிலிருந்து வந்த பெயர் அது, ரைட்டுக்கு எதிர் லெஃப்ட், அவ்வளவுதான். நம் புத்தகங்களில் 'உரிமை ஆசிரியருக்கே' என்று போடுவார்கள், அதில் வலமும் இல்லை இடமும் இல்லை.

> 'அளிப்புரிமை' போதாதா?

நானும் கொஞ்ச நாள் அதைத்தான் எழுதினேன். ஆனால் எம்ஐடி, பிஎஸ்டி என்ற பெர்மிசிவ் உரிமங்களும் அளிக்கத்தானே செய்கின்றன? வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில்தான் இரண்டு வகைகளும் பிரிகின்றன. 2003இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள், ஜிபிஎல் ஆயிற்றே, மூலநிரல் எங்கே என்று நச்சரித்து வாங்கியும்விட்டார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் மென்பொருள், பெயரிலேயே அந்தப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கதை வேறு. அது பிஎஸ்டி உரிமம். இன்டெல் அதை எடுத்துத் தன் சில்லுகளில் உள்ள மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற குட்டிக் கணினிக்குள் வைத்திருக்கிறது என்பது, எழுதிய டானென்பாமுக்கே 2017இல் செய்தி வந்தபிறகுதான் தெரிந்தது. உரிமம் இடம் கொடுக்கிறது, அதனால் அவர் சண்டைக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்குச் சித்தப்பா வருத்தப்படுவது மாதிரி.

ஆக, சொல் அந்தக் கைமாறும் இடத்தைக் காட்ட வேண்டும். என் பரிந்துரை 'வழிவழி உரிமம்'. வீட்டுக்குள்ளேயோ அலுவலகத்துக்குள்ளேயோ மாற்றி வைத்துக்கொண்டால் ஜிபிஎல் ஒன்றும் கேட்காது, அடுத்தவர் கைக்குப் போகும்போது உரிமமும் கூடவே போகும். வாரிசுச் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது என்று கேலி செய்வீர்கள், பரவாயில்லை. 'தொற்று உரிமம்' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது எதிர்த்தரப்பின் வசைச்சொல். 2001இல் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமை நிர்வாகி பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றாரே, அந்த வரிசையில் சேரும். எனக்கென்னவோ உறைமோர் ஞாபகம்தான் வருகிறது. பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு கரண்டி மொத்தப் பாலையும் தயிராக்கிவிடும், அந்தத் தயிரிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஒரு கரண்டி போகும். பால் பாலாகவே வேண்டும் என்பவர் உறை ஊற்றாமல் இருந்துகொள்ளலாம்.

இனி பெர்மிசிவ். 'அனுமதி உரிமம்' சரிவராது. உரிமம் என்றாலே அனுமதிதான், கேட் வாசல் என்பது மாதிரி ஆகிவிடும். 'தளர் உரிமம்' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்ஜிபிஎல், மொசில்லா உரிமம் போன்ற, கட்டுப்பாடு குறைந்த காப்பிலெஃப்ட் உரிமங்களுக்கு அந்தத் 'தளர்' எனக்கு வேண்டும். மொசில்லா உரிமத்தில் அவர்கள் கோப்பை நீங்கள் மாற்றினால் அந்தக் கோப்பின் மூலநிரலைத் தந்தால் போதும், பக்கத்தில் நீங்களே எழுதிய கோப்பு உங்கள் பாடு. இது தளர் வழிவழி உரிமம், ஜிபிஎல் இறுக்கமானது. அப்படியானால் எம்ஐடிக்கு 'தாராள உரிமம்'. 'தாராளமா எடுத்துக்கோங்க, என் பேரை மட்டும் அழிச்சிடாதீங்க' என்று தமிழில் சொன்னால் அதுதான் எம்ஐடி உரிமம், கூடவே 'கெட்டுப்போனால் என்னைக் கேட்காதீங்க' என்று ஒரு வரி. வடசொல் என்று யாராவது வருவார்கள், வரட்டும்.

> தாராளம் என்றால் மற்றது கஞ்சம் என்று ஆகிவிடாதா?

ஆகும், கொஞ்சம். பெர்மிசிவ் என்ற ஆங்கிலப் பெயரும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதானே. ஸ்டால்மன் அவற்றை எளிதில் மடங்கிக் கொடுப்பவை என்ற பொருளில் இளக்காரமாகத்தான் அழைக்கிறார். இந்தச் சண்டையில் சாயாத பெயர் கிடைக்காது. ஜிபிஎல் பக்கம் நிற்கும் நானே தாராளம் என்ற நல்ல பெயரை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன், வேறென்ன வேண்டும்?

ஒரு இடத்தில் மட்டும் என் சொல்லும் நொண்டுகிறது. ஜிபிஎல்லின் உறவான ஏஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை மாற்றி சர்வரில் ஓடவிட்டால், யார் கைக்கும் நிரல் போகாவிட்டாலும் வலை வழியே அதைப் பயன்படுத்துபவருக்கு மூலநிரலைத் தர வேண்டும். அங்கே 'வழிவழி' பொருந்துமா? பொருந்தாது என்றால் மாற்றுச்சொல் அனுப்புங்கள். மென்பொருளின் 'பற்றி' (அபவுட்) சாளரத்தை மொழிபெயர்த்து முடிக்க இந்த இரண்டு சரங்கள்தான் (திரையில் தெரியும் சொற்கள்) பாக்கி.