மஞ்சள் கேப்ஸ்யூலும் அக்காவோட கீமோவும், எங்க வீட்டு அனுபவம்

அக்காவுக்கு 41 வயசு, பெரம்பூர்ல இருக்கா. பயாப்ஸி ரிப்போர்ட்ல மார்பக புற்றுநோய், அதுல ட்ரிப்பிள் நெகட்டிவ் வகைன்னு வந்துச்சு. ஹார்மோன் மாத்திரையும் கேட்காது, ஹெர்2ங்கிற புரதத்த குறிவைக்கிற ஊசியும் கேட்காது, கீமோதான் முக்கியம்னு டாக்டர் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே சொந்தக்காரங்க போன் ஆரம்பிச்சிடுச்சு, முள்சீத்தா இலை, நித்தியகல்யாணி கஷாயம், கருஞ்சீரகம்னு ஆளாளுக்கு ஒண்ணு.

நான் வாங்கிக் கொடுத்தது மஞ்சள் கேப்ஸ்யூல், மிளகு சத்து சேர்த்தது. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் சத்த சும்மா சாப்பிட்டா உடம்புல ஒட்டாது, மிளகுல இருக்கிற பைப்பரின் கூட போனா ரத்தத்துல 20 மடங்கு ஏறும்னு 1998ல பெங்களூர்ல பண்ண ஆராய்ச்சிய படிச்சிட்டு ரொம்ப நம்பிக்கையா வாங்கினேன். டாக்டர்கிட்ட சொல்லல, மஞ்சள்தானேன்னு.

சிவப்பு மருந்துன்னு சொல்ற சிவப்பு கலர் கீமோ நாலு தடவை முடிஞ்சு, அடுத்த கீமோ மருந்தான பாக்லிடாக்சல் ரெண்டு வாரம் ஏறியிருந்துச்சு. மூணாவதுக்கு போனா ரத்த டெஸ்ட்ல லிவர் பாதிப்ப காட்டுற எஸ்ஜிபிடி எகிறி நிக்குது, இன்னிக்கு போட முடியாதுன்னுட்டாங்க. வேற ஏதாவது சாப்பிடுறீங்களான்னு டாக்டர் கேட்டதும் அக்கா என் மூஞ்சிய பார்த்தா பாருங்க, அத இன்னும் மறக்க முடியல. பேக்ல இருந்து டப்பாவ எடுத்து மேஜை மேல வெச்சேன்.

அவங்க திட்டல. லிவர் ஏறினது கீமோவாலயா இதாலயான்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா பைப்பரின் வேற மருந்துங்கள உடம்பு கரைக்கிற வேகத்தையே மாத்தும், அதனால நிறுத்துங்கன்னாங்க. குழம்புல போடுற மஞ்சளுக்கு தடை இல்லையாம். அப்புறம் சொன்னதுதான் எனக்கு புதுசு. ஏத்துற பாக்லிடாக்சலே அமெரிக்காவுல பசிபிக் யூன்னு ஒரு மரத்தோட பட்டையில கண்டுபிடிச்சதாம், 1962ல பட்டைய வெட்டி எடுத்தது, மார்பக புற்றுநோய்க்கு அனுமதி கிடைச்சது 1994ல. சிவப்பு மருந்து மண்ணுல இருக்கிற ஒரு கிருமியில இருந்து வந்தது. நித்தியகல்யாணியிலயும் மருந்து இருக்கு, ஆனா பல நூறு கிலோ இலையில இருந்து கிராம் கணக்குல பிரிச்சு, அளந்து ஊசியா போடுறது. கஷாயத்துல எவ்வளவு இறங்குச்சுன்னு யாருக்கு தெரியும்?

குர்குமின் லேப்ல தட்டுல வெச்ச செல்ல கொல்லுதுங்கிறது உண்மைதான். ஆனா தட்டுல கொல்றதும் எங்க அக்கா உடம்புல கொல்றதும் ஒண்ணு இல்லங்க.

கீமோ பத்து நாள் தள்ளிப்போச்சு. அந்த பத்து நாளும் நான் தூங்கல. அதுக்கப்புறம் ஒரு நோட்டு போட்டு அக்கா வாயில போற இஞ்சி டீ வரைக்கும் எழுதி ஒவ்வொரு தடவையும் டாக்டர்கிட்ட காட்டினோம். போன வாரம் செக்கப்புக்கும் அந்த நோட்ட அக்காவேதான் கையில புடிச்சிட்டு வந்தா.