சீமைக்கருவேலம் அகற்றும் பணியில் நாட்டு மரங்களும் வெட்டப்பட்டுள்ளன: எதை வைத்து முறையிடுவது?

ஓடைக்கரை (தருமபுரி மாவட்டம்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பட்டா நிலத்துக்கும் காப்புக்காட்டின் எல்லைக் கல்லுக்கும் நடுவே ஒரு காட்டோடை உள்ளது. அந்த ஓடைப் புறம்போக்கில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை அகற்ற ஒப்பந்தம் விடப்பட்டிருப்பதாகச் சொல்லி, சென்ற மாதம் ஆட்களும் பொக்லைனும் டிராக்டர்களும் வந்து இறங்கின. அந்த முள் ஒழிவதை நாங்களும் விரும்பினோம். ஆனால் பத்தாம் நாள் ஆடு ஓட்டிச் சென்ற என் சித்தப்பா, கரையில் நின்ற நீர்மருது, புங்கன், உசிலை எதுவுமே இல்லை என்று வந்து சொன்னார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காத மருது ஒன்றின் அடிக்கட்டை மட்டும் நின்றது. அதன் பட்டையின் உட்புறம் இளஞ்சிவப்பாக, ஈரம் காயாமல் இருந்தது. பக்கத்தில் வேறு சில அடிக்கட்டைகளின் மேல் மண் தள்ளி மூடப்பட்டிருந்தது.

வேலையை மேற்பார்த்தவரிடம் கேட்டதற்கு, "இது புறம்போக்கு, காடு இல்லை, வனச் சட்டம் இங்கே வராது" என்றார். இது சரியா? ஊர்ப் பெரியவர்களோ, புகார் கொடுத்தால் மரம் வெட்டிய பழி நம் தலையிலேயே விழும் என்று அஞ்சுகிறார்கள். சந்தன மரத்தின் பெயரால் அரசுத் துறையினரின் கொடுமைக்கு ஆளான வாச்சாத்தி ஊரை நேரில் அறிந்த தலைமுறை அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்ன ஆதாரம் திரட்ட வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வனவர்:

வனத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முதலில் அந்த அடிக்கட்டைகளைக் காப்பாற்றுங்கள் என்பேன். லாரி ஏறிய மரம் இனி உங்கள் கைக்கு வராது. நடந்ததைச் சொல்லக்கூடியது அடிக்கட்டை ஒன்றுதான்.

முறைப்படி வெட்டுவதற்கு ஒதுக்கப்படும் மரத்தை முன்கூட்டியே அளப்பார்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து, வரிசை எண் இட்டு, பதிவேட்டில் எழுதுவார்கள். பிறகு பட்டையைச் செதுக்கி முத்திரைச் சுத்தியலால் அடிப்பார்கள். ஒரு முத்திரை அடிமரத்தில், தரையை ஒட்டியே விழ வேண்டும். மரத்தை வெட்டி எடுத்த பிறகும் அந்த முத்திரை அடிக்கட்டையில் தங்கியிருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கூப்பில், அதாவது மரம் வெட்ட ஒதுக்கிய காட்டுப் பகுதியில், தணிக்கைக்குப் போனால் நாங்கள் முதலில் குனிந்து தேடுவது அதைத்தான். உங்கள் ஓடைக்கரையில் எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை என்றால், அந்த மரங்களை வெட்ட யாரும் அளந்து ஒதுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள அதுவே வலுவான காரணம்.

ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் சுற்றளவையும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். அளவு நாடாவை வைத்தபடி, இருப்பிடக் குறியீடும் தேதியும் பதிவாகும் வகையில் படம் எடுங்கள். மண் மூடியவற்றை நீங்களே தோண்ட வேண்டாம். மூடியிருக்கும் நிலையே ஒரு சாட்சியம். சீமைக்கருவேல விறகு என்று சொல்லி ஏற்றும் பாரத்தின் நடுவே நாட்டு மரத் துண்டுகளை வைத்து அனுப்புவது பழைய வழக்கம் என்பதால், வண்டிகள் போன நாளும் நேரமும் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று: மருதும் புங்கனும் உசிலையும் அடிக்கட்டையிலிருந்து நன்றாகத் தழையக்கூடியவை. "சுத்தம் செய்கிறோம்" என்று வேரோடு பிடுங்க வந்தால் விடாதீர்கள். ஆடுகளையும் ஓராண்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டாமல் இருந்தால், அந்த வேர்கள் மறுபடி மரமாகும்.

கிருஷ்ணகிரி வழக்குரைஞர்:

புறம்போக்கு என்பதாலேயே வனச் சட்டம் வராது என்று சொல்லிவிட முடியாது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் யாருடையது என்பதைப் பொருட்படுத்தாமல், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்று கூறியது. தமிழ்நாட்டைத் தனியாகக் குறிப்பிட்டு, காட்டுப் பகுதிகளில் தானாக வளர்ந்த மரங்களை வெட்டவும் தடை விதித்தது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகும், அந்தப் பொருளையே பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது.

ஆனாலும் ஓடைக்கரையில் ஒற்றை வரிசையாக நின்ற மரங்களைக் காடு என்று நிறுவுவது எளிதல்ல; அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உங்கள் கையில் உள்ள வலுவான வாதம் ஒப்பந்தமே. சீமைக்கருவேலத்தை அகற்றக் கொடுத்த ஆணை வேறு எந்த மரத்தையும் தொட உரிமை தராது. புறம்போக்கில் நிற்கும் மரம் அரசுக்குச் சொந்தமானது. ஆகவே பணி ஆணையின் நகல், வெட்ட அனுமதித்த மரங்களின் பட்டியல், எல்லை வரைபடம், ஏலத் தொகை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் புல எண் காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுள் அடங்குகிறதா என்றும் பாருங்கள். அடங்கினால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வழக்கின் எடையே மாறிவிடும்.

காலக்கெடுவையும் மனத்தில் வையுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. சுற்றுச்சூழல் சட்ட மீறல் குறித்து அங்கே 6 மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். சேதத்தைச் சீர்செய்யவும் இழப்பீடு பெறவும் 5 ஆண்டுகள் வரை மனு செய்யலாம்.

பெரியவர்களின் அச்சம் நியாயமானது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று அரூர் பக்கத்து வாச்சாத்திக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் செய்த கொடுமைக்கு, 2011இல்தான் தண்டனை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். அந்தத் தண்டனையை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று உறுதிசெய்தது. இந்த அச்சத்துக்கு என்னால் சொல்ல முடிந்த ஒரே வழி, தனியாளாகப் புகார் தராமல் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, அதை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் ஒரே நாளில் பதிவு அஞ்சலில் அனுப்புவதுதான். ஊரே கையெழுத்திட்டதை ஒருவர் தலையில் கட்ட முடியாது.

மேலகிரி மகன்:

தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, இப்போது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். "ஆட்களுக்கு மரம் தெரியாமல் வெட்டிவிட்டார்கள்" என்ற பதில் உங்களுக்கும் வரலாம் என்பதால் இதை எழுதுகிறேன். இங்கே இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது அரசுக்குச் சொந்தமான வனக் கழகம். 2022இல் டாம்பியர் அரசுக் காடு தொடர்பான வழக்கில், வெட்டக் கூடாத பகுதியின் எல்லையைக் குறிக்கத் தவறியதற்காக அந்தக் கழகத்துக்கு 45,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2024இல் யம்புல்லா காட்டு வழக்கில், 2019-20 பெருந்தீக்குப் பின் விலக்கி வைக்க வேண்டிய இடத்தில் மரம் வெட்டியதற்காக 3,60,000 டாலர். அரசு நிறுவனத்தை அரசின் சுற்றுச்சூழல் ஆணையமே நீதிமன்றத்தில் நிறுத்தியது. எல்லையைக் குறித்துக் கொடுக்க வேண்டியது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரின் கடமை. பொக்லைன் ஓட்டிய தம்பியை மட்டும் குற்றவாளியாக்கிக் கோப்பை மூட விடாதீர்கள்.

ஓடைக்கரை:

மூவருக்கும் என் நன்றி. இன்று காலை சித்தப்பாவும் நானும் பக்கத்து வீட்டு ஆசிரியரும் போய் அளந்தோம். மண்ணுக்கு வெளியே தெரியும் அடிக்கட்டைகள் 23. ஒன்றில்கூட எண்ணோ முத்திரையோ இல்லை. மருது ஒன்றில் விரல் நீளத்துக்குத் துளிர் விட்டிருக்கிறது. அதைச் சுற்றி, வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள்ளையே வேலியாக வைத்துவிட்டு வந்தோம். தகவல் மனு நாளை அஞ்சலில் போகிறது. வரும் கிராம சபையில் தீர்மானத்தைப் படிக்கச் சித்தப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய வனவர் ஐயா, வெட்டுவாயில் அரக்கு போலக் கசிந்து உறைந்திருப்பதையும் தனியாகப் படம் எடுக்க வேண்டுமா?