பதிவேற்றம் தொடங்கினால் எச்சரிக்கைச் செய்தி ஒரு நொடி தாமதம்: முன்னுரிமை கொடுத்தும் பலனில்லை

நான்குசக்கரம்:
சிறிய ஆய்வு வண்டி ஒன்றைத் தொலைவிலிருந்து ஓட்டுகிறோம். வண்டியில் லினக்ஸ் ஓடும் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. கேமராப் படம், உணரிகளின் பதிவுக் கோப்பு, 'முன்னால் தடை' என்ற எச்சரிக்கை மூன்றும் அதிலிருந்து 4ஜி மோடம் வழியாக வெளியே போகின்றன. எச்சரிக்கை வெறும் 80 பைட், யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை). சாதாரணமாக 60 மில்லிநொடியில் வந்துவிடும். கோப்புப் பதிவேற்றம் தொடங்கியதும் 1,100, 1,300 என்று எகிறுகிறது. நேற்று எச்சரிக்கை திரையில் தெரியும் முன்பே வண்டி முட்டி, முன்பக்கச் சட்டம் வளைந்துவிட்டது.

எச்சரிக்கைக்கும் படத்துக்கும் டிஎஸ்சிபி 46 முத்திரை (பாக்கெட்டின் தலைப்பில் எழுதும் முன்னுரிமை எண்) போட்டேன். கணினியில் 'பிரையோ' முன்னுரிமை வரிசையும் அமைத்தேன். தாமதம் துளிகூடக் குறையவில்லை. எங்கே தவறு?

வேகமேதுணை:
5ஜிக்கு மாறுங்கள், தீர்ந்தது.

வரிசைக்காரன்:
தீராது. உங்கள் கோப்பு போகும் டிசிபி பதிவேற்றம் கிடைக்கிற வேகம் எதுவானாலும் அதை நிரப்பி, பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவிடமான இடையகத்தையும் நிரப்பிவிட்டுத்தான் ஓயும்.

நான்குசக்கரம், பதிவேற்றம் ஓடும்போதே 'டிசி' கட்டளையில் வரிசையின் புள்ளிவிவரத்தை எடுங்கள். 'பேக்லாக்' (வரிசையில் காத்திருக்கும் அளவு) என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது?

நான்குசக்கரம்:
பத்து முறை பார்த்தேன். பெரும்பாலும் 0. அப்படியானால் எங்கும் நெரிசலே இல்லையா?

வரிசைக்காரன்:
இருக்கிறது, உங்கள் கணினியில் இல்லை. கணினி தன் கையில் வந்ததையெல்லாம் உடனுக்குடன் மோடத்திடம் தள்ளிவிடுகிறது. கூட்டம் சேர்வது மோடத்தின் இடையகத்தில். அங்கே முந்தி வந்தவருக்கு முதலிடம். உங்கள் முத்திரையை யாரும் படிப்பதில்லை. ஆளே நிற்காத வாசலில் முன்னுரிமைப் பலகை மாட்டியிருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டால் விளங்கும். மேல்நோக்கி நொடிக்கு 4 மெகாபிட் கிடைக்கிறது என்று கொள்வோம். 1,500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 3 மில்லிநொடி ஆகும். எச்சரிக்கைக்கு முன்னால் 400 பாக்கெட் நின்றால் 1,200 மில்லிநொடி. நீங்கள் சொன்ன எண் ஏறக்குறைய அதேதான்.

ஆகவே முதலில் வரிசையை உங்கள் பக்கம் இழுத்துவாருங்கள். கணினியிலிருந்து வெளியேறும் மொத்த வேகத்தை மோடத்தின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, 80 சதவீதம் அளவில், கட்டுப்படுத்துங்கள். மோடம் காலியாகவே இருக்கும். கூட்டம் கணினியில் நிற்கும். முன்னுரிமை வேலை செய்வது அப்போதுதான். 'பிரையோ'வுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது. 'கேக்' என்ற வரிசை முறை இரண்டையும் செய்யும், லினக்ஸ் 4.19 முதல் அதன் கெர்னலிலேயே இருக்கிறது.

இன்னொன்று, படத்துக்கும் 46 ஏன்? எல்லோரையும் முன்வரிசையில் உட்காரவைத்தால் அது முன்வரிசையே இல்லை. 'கேக்'கின் நான்கு அடுக்கு முறையில் குரல் அடுக்குக்கு மொத்த வேகத்தில் கால் பங்குதான் ஒதுக்கீடு. அதைத் தாண்டினால் அந்த அடுக்கின் முன்னுரிமை போய்விடும். எச்சரிக்கைக்கு 46, படத்துக்கு 34, கோப்புக்கு 8 என்று பிரியுங்கள்.

அலைநீளம்:
சேவை நிறுவனத்தின் பக்கம் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழம்பும் இடம் அது. எல்டிஇயில், அதாவது 4ஜியில், முன்னுரிமை 'பேரர்' எனப்படும் தடத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு தடத்துக்கும் க்யூசிஐ என்ற சேவைத்தர எண் ஒன்று உண்டு. குரல் அழைப்பு செல்லும் க்யூசிஐ 1-க்குத் தாமத வரம்பு 100 மில்லிநொடி. சாதாரண டேட்டா சிம்மின் போக்குவரத்து பெரும்பாலும் க்யூசிஐ 9-இல் போகும். அங்கே வரம்பு 300. பாக்கெட்டில் 46 என்று எழுதியதால் மட்டும் தடம் மாறாது. தனித்தடத்தை நிறுவனம்தான் அமைத்துத் தரவேண்டும். வணிக ஒப்பந்தம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வரிசைக்காரன் சொன்ன வழிதான்.

கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே வைஃபை இருக்கிறதா? இருந்தால் ஒரு சின்னப் பொறி. பல கருவிகள் டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டை மட்டுமே பார்க்கும். 46-இல் அது 5. வைஃபையில் 5 என்றால் குரல் வகுப்பு அல்ல, காணொலி வகுப்பு. 2018-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதைச் சரிசெய்யச் சொல்கிறது.

நான்குசக்கரம்:
மோடம் யூஎஸ்பியில் இருக்கிறது, வைஃபை இல்லை.

'கேக்' போட்டு 3.2 மெகாபிட்டில் நிறுத்தினேன். பதிவேற்றம் ஓடும்போதும் எச்சரிக்கை 70 முதல் 95 மில்லிநொடிக்குள் வருகிறது! பேக்லாக் எண் இப்போது ஏறி இறங்குவதைப் பார்ப்பதே ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் மேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கியதும் சிக்னல் குறைந்து வேகம் 1.5-க்கு விழுகிறது. உடனே பழையபடி 900.

வரிசைக்காரன்:
நகரும் வண்டிக்கு நிலையான வரம்பு போதாது; வேகம் விழுந்தவுடன் வரிசை மறுபடி மோடத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். நொடிக்கு ஐந்து முறையாவது பிங் அனுப்பித் தாமதத்தை அளந்துகொண்டிருங்கள். வழக்கமான அளவைவிட 50 மில்லிநொடி கூடினால் வரம்பை உடனே கால் பங்கு வெட்டுங்கள். சீராக இருந்தால் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். இறக்குவதில் அவசரமும் ஏற்றுவதில் நிதானமும் வேண்டும், மாற்றிச் செய்தால் தாமதம் ஊசலாடும்.

கேமராவின் பிட் அளவையும் அதே வரம்போடு சேர்த்துக் குறையுங்கள். 200 மில்லிநொடிக்கு மேல் பழையதான படச்சட்டத்தை அனுப்பாமலே தூக்கி எறிந்துவிடுங்கள். ஓட்டுபவருக்குப் பழைய படம் உதவாது, கெடுதல்தான்.

நான்குசக்கரம்:
செய்துவிட்டேன். சரிவில் ஓரிரு முறை 240 வரை போய் உடனே இறங்குகிறது. ஒன்று மட்டும் புரியவில்லை. வண்டி வெகுநேரம் சும்மா நின்றபின் வரும் முதல் எச்சரிக்கை மட்டும் பிந்துகிறது. அப்போது படமும் கிடையாது, கோப்பும் கிடையாது.

அலைநீளம்:
அது வரிசைத் தாமதமே அல்ல. தரவு ஓடாவிட்டால் மோடம் ரேடியோ இணைப்பை விட்டுவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். முதல் பாக்கெட் அதைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. முன்னுரிமை இதற்கு உதவாது. சில நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு வெற்றுச் செய்தி அனுப்பி விழித்திருக்கச் செய்யுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

நான்குசக்கரம்:
4 நொடிக்கு ஒன்று வைத்தேன். முதல் எச்சரிக்கையும் 65-இல் வந்துவிட்டது. சட்டத்தை நிமிர்த்தப் போகிறேன்.