22 மாதம் ஆகியும் பேச்சு வரவில்லை, நெல்லைப் பக்கம் எங்கே காட்டலாம்?

சேரன்மாதேவிக்காரி:
மகனுக்கு 22 மாதம். நடை, ஓட்டம், சாப்பாடு எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் "ம்மா" தவிர ஒரு வார்த்தை இல்லை, எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்புகிறான். அத்தை, "அவன் அப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்கிறார். வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். ஒரு கிளினிக்கில் காட்டியதற்கு டானிக் எழுதிக் கொடுத்து, மூன்று வயது வரை பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. பணம் பிடுங்காத இடம் இருந்தால் சொல்லுங்க.

முக்கூடல் ராசா:
பயப்படாதீங்கக்கா. என் மச்சினன் மகனும் இப்படித்தான் இருந்தான், இப்போது வாயை மூடச் சொன்னால்கூட மூட மாட்டான்.

பழைய பால்வாடி டீச்சர்:
ராசா தம்பி, சில பிள்ளைகளுக்கு அது சரிதான். ஆனால் எந்தப் பிள்ளைக்கு என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றரை வயதில் நாலைந்து வார்த்தையாவது வர வேண்டும், 2 வயதில் "பால் தா" மாதிரி இரண்டு சேர்த்துச் சொல்ல வேண்டும். சுட்டுவிரலை நீட்டி "அந்தா காக்கா" என்று காட்டுகிறானா, அதையும் பாரும்மா. காட்டவில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

பால்வாடி என்றால் சத்துமாவு வாங்கும் இடம் என்றுதான் நம்ம சனம் நினைக்கிறது. பிள்ளைகளுக்கு நோய், வளர்ச்சிக் குறை ஏதும் இருக்கிறதா என்று பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்க்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டம் 2013இலிருந்து இருக்கிறது, அதில் டாக்டர் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கே வரவேண்டும். வளர்ச்சியில் சுணக்கம் தெரிந்தால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் (பாளையங்கோட்டையில் இருக்கும் நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) உள்ள மாவட்ட இடையீட்டு மையத்துக்கு, அதாவது வளர்ச்சிக் குறையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு, அனுப்புவார்கள். குழு வரும் வரை காத்திருக்காதே. உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு, தடுப்பூசி அட்டையோடு நேராகப் போ. டாக்டர், பேச்சுப் பயிற்சி, காது சோதனை எல்லாம் இலவசம்.

மேலப்பாளையம் உம்மா:
காதை முதலில் பாருங்க தங்கச்சி. என் மகள் கதவு சாத்தினால் திரும்புவாள், அதனால் காது கேட்கிறது என்றே நம்பியிருந்தோம், அப்புறம் பார்த்தால் மெல்லிய சத்தம் எதுவும் அவளுக்குப் போகவே இல்லை. காது சோதனை என்றதும், பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளியில் கொண்டு விட்டுவிடுவார்களோ என்று எங்கள் வீட்டில் ஒரே அழுகை. இப்போது மிஷின் மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம்தான் போகிறாள். காதுக்குள் கருவி வைக்கும் காக்ளியர் ஆபரேஷன் தேவைப்பட்டால்கூட முதலமைச்சர் காப்பீட்டில் செய்கிறார்கள், ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு, தள்ளிப்போட்டால் நமக்குத்தான் நட்டம்.

கடையம் அண்ணாச்சி:
தென்காசிப் பக்கம் வர முடிந்தால் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்திலும் கேளுங்கம்மா, மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனம் அது, 1981இலிருந்து இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அவர்களுடைய ஆட்கள் வீட்டுக்கே வந்து தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிகிறது. மையத்தில் வாரம் ஒரு மணி நேரம் பயிற்சி, மிச்ச நேரம் எல்லாம் பிள்ளை வீட்டில்தானே கிடக்கிறது? கையில் போன் கொடுத்துச் சோறு ஊட்டுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள், 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சேரன்மாதேவிக்காரி:
போன் கொடுப்பது உண்மைதான் அண்ணாச்சி, அவர் வீடியோ காலில் வருவதைத் தவிர மற்றதை நிறுத்திவிடுகிறேன். விரல் நீட்டிக் காட்டுவது இல்லை டீச்சர். திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹைகிரவுண்ட் போகிறேன். காது சோதனைக்கு அழுதால் என்னக்கா செய்வது?

மேலப்பாளையம் உம்மா:
தூங்க வைத்துத்தான் பெரா சோதனை எடுப்பார்கள், சத்தம் காது வழியாக மூளைக்குப் போகிறதா என்று மிஷினில் பார்ப்பதுதான் அது. அதற்கு நாள் கொடுத்தால் அன்றைக்குக் காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்க, பஸ்ஸில் தூங்க விட்டுவிடாதீங்க.