குளக்காணியின் எல்லை உங்கள் காணி உறுதிப் பத்திரங்களில் இருக்கிறது

அன்பான ஊரவர்களுக்கு,

எங்கள் ஊர்க் குளத்துக்கு மதில் கட்டக் காசு சேர்க்கும் முன் எல்லையைப் பிடிக்க வேண்டும். எல்லைக்கல் நடாமல் மதில் எழுப்பினால், வேலியை அரக்கி (நகர்த்தி) அடைத்தவர்களுக்கே அந்த நிலத்தைக் கொடுத்துவிட்டதாக முடியும். நூறடி வேலியை ஒரு முழம் அரக்கினால் ஏறக்குறைய ஒரு குழி நிலம் போகிறது (குழி, பரப்பு இரண்டும் எங்கள் காணி அளவுகள்). ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் ஒரு முழம் என்றால், பதினெட்டாம் முறை ஒரு பரப்பு, அதாவது பதினெட்டுக் குழி, இல்லை.

1995 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எத்தனையோ வேலிகள் ஞாபகத்தை வைத்துத்தான் அடைக்கப்பட்டன. ஆனால் பழைய உறுதிகள் பொய் சொல்லாது. குளத்தைச் சுற்றியுள்ள காணிகளின் உறுதியில் "கிழக்கு எல்லை குளம்", "வடக்கு எல்லை வாய்க்கால்" என்று எழுதியிருக்கும். அவற்றில் பாதி இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. காணி விபரமும் நான்கெல்லையும் உள்ள பக்கத்தை, உறுதி இலக்கமும் திகதியும் தெரியப் படமெடுத்து அனுப்புங்கள். விலையையும் பெயர்களையும் மறைத்துவிடலாம்.

பரப்பைக் கணக்கிடும்போது கவனம். தோட்டக்காணியில் ஒரு பரப்பு 18 குழி, 16 பரப்பு ஒரு ஏக்கர். வயலில் ஒரு பரப்பு 12 குழி, 24 பரப்பு ஒரு ஏக்கர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டினால் குளம் சுருங்கும் அல்லது பெருகும், அதை வைத்தே எதிர்த்தரப்பு முழுக் கணக்கையும் தள்ளிவிடும்.

அடுத்தது, குளம் ஆருடையது என்பது. அரச காணியானால் பத்து வருடம் தொடர்ந்து பிடித்திருந்தால் வரும் ஆட்சி உரிமை அதன்மேல் ஓடாது. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின்கீழ் வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்து, மறுத்தால் நீதவான் நீதிமன்றம் போகலாம். அங்கே பிடித்திருப்பவர் காட்ட வேண்டியது அரசின் அனுமதிப்பத்திரம் ஒன்றுதான். தனியார் பெயரில் நிற்கும் காணியானால் கதை வேறு, அந்த ஆட்சி உரிமை ஓடிக்கொண்டிருக்கும், கழியும் ஒவ்வொரு வருடமும் நட்டம். வயலுக்குப் பாயும் குளம் என்றால் கமநல சேவை நிலையத்தையும் கமக்கார (விவசாயிகள்) அமைப்பையும் விட்டுவிட்டு எதுவும் செய்யக்கூடாது.

பதிவுகளைப் பிரதேச செயலகத்தில் கேட்க, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. ஆனால் அது இலங்கைக் குடிமக்களுக்கு உரியது. அமைப்பொன்று கேட்பதானால் அதன் உறுப்பினரில் முக்கால்வாசியாவது குடிமக்களாக இருக்க வேண்டும். ஆகவே வெளிநாட்டுச் சங்கத்தின் பெயரில் மனுக் கொடுக்காதீர்கள், மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ கொடுக்கட்டும். அளவை வேலையும் பிரதேச செயலாளர் ஊடாக நில அளவைத் திணைக்களம் செய்ததாக இருந்தால்தான் வழக்கில் உறுதியாக நிற்கும்.

இதைப் பேசும் ஊர்க் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் மட்டும் வைத்தால் ஊரின் ஒரு பகுதி வராது, காரணம் எல்லோருக்கும் தெரியும். சனசமூக நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ வையுங்கள். மாடு தண்ணிக்கு விடுபவர்களும் குளத்தில் உடுப்புத் தோய்ப்பவர்களும் முன்வரிசையில் இருக்க வேண்டும். எந்த மூலையில் வேலி நகர்ந்தது என்று நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். குளத்தோரக் காணிக்காரரையும் முதல் நாளே கூப்பிடுங்கள். கல் நட்ட பிறகு கூப்பிட்டால் அது சண்டையாகத்தான் முடியும்.

தூர் வாருவதானால் ஆனி, ஆடியில் தொடங்கிப் புரட்டாதி நடுவில் முடிக்க வேண்டும். அடிக்களியை வெட்டிச் சுண்ணாம்புக்கல் தெரியும் வரை போனால் தண்ணீர் நிற்காது. மண்ணை ஏற்றி விற்கும் கொந்தராத்துக்காரர் (ஒப்பந்தக்காரர்) ஆழமாகவே வெட்டுவார், ஆகையால் ஆழத்தை எழுத்தில் போடுங்கள். மதில் கட்டினால் வாய்க்கால் வந்து விழும் வாயை அடைக்காதீர்கள். கரையில் எல்லைக்கல்லுக்குக் கல் கிளுவைக் கதியால் (உயிர்வேலிக் கம்பு) ஐப்பசி மழைக்கு நட்டால் பிடித்துவிடும்.