பால்வாடியிலிருந்து வீட்டுக்கு வந்த மஞ்சப்பை: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

தென்காசி அம்மா:

பெரியவனுக்கு மூன்றரை வயது, பால்வாடிக்குப் போகிறான். சின்னது தவழ்கிறது. ரெண்டு மாதமாக வெள்ளிக்கிழமை கூப்பிடப் போனால் டீச்சர் ஒரு மஞ்சப்பையைக் கையில் கொடுக்கிறார். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்து வரணும், திங்கட்கிழமை திருப்பித் தரணும். முதல் பையில் ஒரு சிலேட்டு, பெயின்டால் எழுத்து எழுதின தண்ணி பாட்டில் மூடிகள், அப்புறம் ஆறு துண்டாக வெட்டின ஒரு கல்யாணப் பத்திரிகை. துண்டுகளைச் சேர்த்தால் பிள்ளையார் வருவார். இதற்கா கையெழுத்து என்று நினைத்தேன். ஆனால் அன்று ராத்திரி இவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பிள்ளையாருக்குத் தும்பிக்கை தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ‘ழ’ மூடியைக் காணோம். கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாச்சு. டீச்சர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் எண்ணெய் பாட்டிலின் நீல மூடியைக் கழுவி, நெயில் பாலிஷில் ‘ழ’ எழுதிப் போட்டுக் கொடுத்தேன். “பை வந்துச்சுல்ல, அது போதும்மா” என்று சிரித்துவிட்டார். மற்ற மூடி எல்லாம் சிவப்பு. இப்போது என் மகனுக்கு எங்கே நீல மூடியைப் பார்த்தாலும் அது ‘ழ’தான். பக்கத்து வீட்டுத் தண்ணி கேன் வரைக்கும்.

வேறு ஊர்களிலும் இப்படிக் கொடுக்கிறார்களா?

ஓய்வுபெற்ற டீச்சர்:

கொடுக்கிற மனசு நிறைய பேருக்கு உண்டு தங்கச்சி. பயம்தான் விடாது. இந்தப் பால்வாடி, அதாவது அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் தொடங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு ரொம்பப் பின்னால். சேர்ந்த புதிதில் எங்கள் மையத்துக்கு ஒரு பெட்டி விளையாட்டுச் சாமான் வந்தது. கட்டைகள், கோக்கிற மணிகள், விலங்கு பொம்மைகள். எல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார், குறைந்தால் பதில் சொல்ல வேண்டியது நான். அதனால் பெட்டியைப் பீரோ மேலே ஏற்றி வைத்தேன். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் ஓடியது. ரிஜிஸ்டர் சுத்தமாக இருந்தது, பெட்டியும் புதுசாகவே இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் இன்னொரு நோட்டுப் போட்டேன். கணக்கில் வராத சாமானுக்கு மட்டும். புளியங்கொட்டை, தீப்பெட்டி, சிரட்டை, துணிப் பொம்மை, பனையோலைக் கிலுகிலுப்பை. இதெல்லாம் தொலைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க ஆளில்லாததால்தான் தைரியமாக வீட்டுக்கு அனுப்பினேன். அதில் கத்தரிக்கோல் மட்டும் திங்கட்கிழமை வராது. அம்மாமார் ஜாக்கெட் வெட்ட வைத்துக்கொள்வார்கள், நானே வீடு வீடாகப் போய் வாங்கி வரணும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணியில் போட்டு வெயிலில் உலர்த்துவோம். “டீச்சர், பிள்ளைங்களக் குளிப்பாட்டவா, பொம்மைங்களக் குளிப்பாட்டவா?” என்று எங்கள் ஆயா கேட்காத மாதமில்லை.

ஒரு விஷயம் அவசியம் சொல்லணும். ஒரு பாட்டி பல்லாங்குழிக்கு என்று கை நிறைய குன்றிமணி கொண்டுவந்து கொடுத்தார். சிவப்பும் கறுப்புமாக அவ்வளவு அழகு. பையில் போட்டுக் கட்டியும்விட்டேன். தடுப்பூசிக்கு வந்த நர்சம்மா பார்த்துவிட்டு, “கடிச்சு உடைச்சா உள்ளே இருக்கிறது விஷம், ஒண்ணுகூட வேண்டாம்” என்றார். கை நடுங்கிப் போச்சு. அன்றிலிருந்து ரெண்டு கட்டுப்பாடு. பெயர் தெரியாத விதை எதுவும் பைக்குள் போகாது. பழைய கேமரா ஃபிலிம் டப்பாவுக்குள் நுழைகிற சாமான் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். புளியங்கொட்டைக்கும் அதே கதைதான்.

ஸ்காபரோ அப்பா:

நாங்கள் கனடாவில், ஒன்ராறியோ. இங்கே பிறந்ததிலிருந்து ஆறு வயது வரைக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இலவசமாக இருந்து விளையாட ‘ஏர்லிஒன்’ நிலையங்கள் இருக்கு. எங்கட பக்கத்து நிலையத்தில் பை இரவல் தருவினம். ஒவ்வொரு பையிலும் உள்ளே எத்தனை சாமான் என்று இலக்கம் எழுதி ஒட்டியிருக்கும். பனிக்காலத்தில் பிள்ளையை வெளியில் விட ஏலாது, எங்களுக்கு அந்தப் பைதான் முற்றம்.

ஒருமுறை பன்னிரண்டு மிருகத்தில் மாட்டைத் தொலைத்துவிட்டோம். காசும் கையுமாகப் போனேன். அந்தப் பெண் ஒட்டியிருந்த 12-ஐ வெட்டி 11 என்று எழுதினா. அவ்வளவுதான்.

எனக்கு மறக்க ஏலாதது வேறொன்று. பகலில் மகளைப் பார்க்கிறது அம்மம்மா. விளையாடும் விதம் எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும், அவவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்தேன், தாள் பையோடயே திரும்பிப் போய்விட்டது. அடுத்த மாதம் பார்த்தால் அதைப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுப் பைக்குள் வைத்திருக்கினம். என் கோழிக்கிறுக்கல் எழுத்தை ஊரே வாசிக்குது. தெரிந்திருந்தால் வடிவாக எழுதியிருப்பேன்.

சேலம் அப்பா:

எங்கள் அனுபவம் நேர்மாறு. மகளின் மழலையர் பள்ளியில் இதே மாதிரி தொடங்கி, 200 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். நாங்கள் கட்டினோம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே பொம்மை குவிந்து கிடக்கிறது. கூடப் படிக்கும் பிள்ளையின் அப்பா லோடு ஏற்றுகிறவர், அவர் வாங்கவில்லை. கேட்டதற்கு, “உடைஞ்சா பணம் போயிரும் சார்” என்றார். யாருக்காக வைத்த பையோ அவர்கள் கைக்கு அது எட்டவே இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் 1935-லேயே, ஊரே பஞ்சத்தில் இருந்தபோது, பொம்மை இரவல் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே முன்பணம் இல்லை. ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்து வந்த பிள்ளைக்கு ஒரு பொம்மையைச் சொந்தமாகவே கொடுத்துவிடுவார்களாம். பள்ளிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தேநீர் வந்தது, பேச்சு மாறிவிட்டது.

தென்காசி அம்மா:

டீச்சரக்கா, நீங்கள் எழுதினதைப் படித்ததும் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஃபிலிம் டப்பாவுக்கு எங்கே போவது, அதே வாய் அகலத்தில் ஒரு மாத்திரை டப்பா இருந்தது. மூடி எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போகிறது. சின்னது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறது! எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போட்டாச்சு. திங்கட்கிழமை டீச்சரிடம் இதைச் சொல்லி, சிரட்டையில் எழுத்து எழுதித் தருவாரா என்று கேட்கணும். எங்கள் கொல்லையில் பத்துப் பதினைந்து சிரட்டை சும்மாதான் கிடக்கிறது.

பெரியவன் பரணுக்குக் கீழே நின்று ‘ழ’வைக் கொடு என்று அழுகிறான்.